குரோஷே நகை புதுசா ஆரம்பிக்கிறீங்களா? எந்த நூல், எந்த நகை முதல்லன்னு ஒரு அலசல்

குரோஷேல (முனைல கொக்கி இருக்கிற ஒத்தை ஊசியால நூலை பின்னுற வேலை) நகை பண்ணலாம்னு ஆசை வந்த உடனே வர்ற குழப்பம் டிசைன் இல்லீங்க, பொருள்தான். காட்டன் நூலா, எம்ப்ராய்டரி நூலா, நைலானா, இல்ல மெல்லிசு கம்பியா? எல்லாத்துலயும் யாராவது சூப்பரா பண்ணி போட்டோ போட்டிருப்பாங்க, பார்த்தா எல்லாமே ஈஸின்னுதான் தோணும். இதை ஒப்பிடுறவங்க பெரும்பாலும் எது பளபளன்னு இருக்கும், எது ரொம்ப நாள் உழைக்கும்னு பார்ப்பாங்க. புதுசா ஊசி பிடிக்கிறவங்களுக்கு அதெல்லாம் அப்புறம்னு நான் சொல்வேன். முதல்ல பார்க்க வேண்டியது, தப்பு வந்தா உருவிட்டு அதே நூல்ல மறுபடி போட முடியுமா முடியாதா, அவ்ளோதான். ஏன்னா ஆரம்பத்துல போடுறதை விட உருவுறதுதான் அதிகம் நடக்கும். குரோஷேக்குன்னு ஒரு நல்ல குணம் இருக்கு, எந்த நேரத்துலயும் ஊசில உயிரோட இருக்கிறது பொதுவா ஒரே ஒரு வளையம்தான், பின்னல் ஊசில பண்ணும்போது வரிசை முழுக்க வளையங்க இருக்கும், ஒண்ணு நழுவினா கீழ வரைக்கும் ஓடும். இதுல அப்படி இல்ல, ஊசிய எடுத்துட்டு நூலை இழுத்தா எங்க வேணுமோ அங்க நிறுத்தி, வளையத்துல ஊசிய மாட்டி திரும்ப ஆரம்பிச்சுடலாம். இந்த வசதிய கெடுக்காத பொருள் எதுவோ அதுதான் முதல் நகைக்கு சரி.

இந்த கணக்குல காட்டன் குரோஷே நூலுக்குத்தான் முதல் இடம், அதுலயும் 10-ம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும், 10, 20, 40, 80ன்னு போகும், 80 எல்லாம் 0.6 மில்லிமீட்டர் மாதிரி ஊசில போடுற நுணுக்க வேலை, இப்போதைக்கு அந்தப் பக்கமே போக வேணாம். 10-ம் நம்பருக்கு 1.5ல இருந்து 1.75 மில்லிமீட்டர் ஸ்டீல் ஊசி சரியா இருக்கும். ஊசி மேல இருக்கிற நம்பர் ஒவ்வொரு முறைல ஒவ்வொரு மாதிரி வரும், அதனால மில்லிமீட்டரை மட்டும் பாருங்க. லேபிள்ல மெர்சரைஸ்டுன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. ஜான் மெர்சர்ங்கிறவர் 1844ல பருத்திய காஸ்டிக் சோடால நனைச்சா இழை உப்பி பலமாகுது, சாயமும் நல்லா பிடிக்குதுன்னு கண்டுபிடிச்சார், அப்புறம் 1890ல ஹோரஸ் லோ அதை இழுத்துப் பிடிச்சபடியே பண்ணினா பளபளப்பும் வருதுன்னு காமிச்சார். பளபளப்புக்காக மட்டும் நான் இதை சொல்லல, இழை வழவழன்னு ஆயிடுறதால உருவும்போது ஒண்ணோட ஒண்ணு சிக்காம வரும், அடிக்கடி உருவினாலும் பஞ்சு பஞ்சா கிளம்புறது கம்மி. சாதா காட்டன்ல கொஞ்ச நேரத்துலயே மேல ரோமம் மாதிரி எழும்பிடும்.

எம்ப்ராய்டரி நூலுக்கு பெரிய பலம் கலர்தான், நூத்துக்கணக்குல ஷேடு இருக்கு, சின்ன சின்ன கட்டா வாங்கிக்கலாம். ஆனா அது 6 இழைய லேசா சேர்த்து வச்ச நூல், தைக்கும்போது வேணுங்கிற இழைய பிரிச்சு எடுக்கணும்ங்கிறதுக்காகவே அப்படி தளர்வா வச்சிருக்காங்க. அதே குணம் குரோஷேல எதிரியாயிடும், ஊசி முனை 4 இழைய பிடிச்சு 2 இழைய விட்டுடும், அது உடனே கண்ணுல படாது, ரெண்டு வரிசை தாண்டி பார்த்தா பக்கத்துல ஒரு இழை துருத்திட்டு நிக்கும். உருவினா இன்னும் மோசம், இழைங்க தனித்தனியா பிரிஞ்சு தொங்கும். ஒரு கட்டு பொதுவா 8 மீட்டர்தான், சின்ன ஜோடி கம்மலுக்கு மேல ஓடாது. கலர் ஆசைய விட முடியலன்னா பேர்ல் காட்டன்னு ஒண்ணு இருக்கு, இறுக்கமா முறுக்கின நூல், இழை பிரியாது, 5, 8ன்னு நம்பர்ல வரும். காட்டன் நூலுக்கும் எம்ப்ராய்டரி நூலுக்கும் சண்டை வந்தா நான் இதுக்குத்தான் ஓட்டு போடுவேன்.

நைலான் நூலும் மெழுகு பூசின பாலியஸ்டர் நூலும் வேற ரகம். தண்ணி, வியர்வை எதுக்கும் அசையாது, முனைய லேசா நெருப்புல காட்டினா உருகி மூடிக்கும், முடிச்சு மறைக்கிற தலைவலியே கிடையாது (பக்கத்துல பிளாஸ்டிக் மணி இருந்தா அதுவும் சேர்ந்து உருகும், பார்த்துக்கோங்க). கைல போடுற பிரேஸ்லெட்டுக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா பழகுற கைக்கு நைலான் வழுக்கும், இறுக்கம் ஒரே மாதிரி வராது, ஒரு தையல் தொளதொளன்னும் அடுத்தது கல்லு மாதிரியும் வந்து நிக்கும். மெழுகு நூல் வழுக்காது, தையல் ஒவ்வொண்ணும் செதுக்கினாப்ல தெரியும், விறைப்பும் தானா வந்துடும், ஆனா உருவும்போது பழைய வளைவு அப்படியே நூல்ல நிக்கும். நீவி நேராக்கி போடலாம், ஒரேடியா வீணாகாது. ரெண்டாவது இல்ல மூணாவது நகைக்கு எடுக்கலாம்.

கம்பி பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்லணும், ஏன்னா போட்டோல ஆளை இழுக்கிறது அதுதான். 28 கேஜ் (0.32 மில்லிமீட்டர்), 30 கேஜ் (0.25 மில்லிமீட்டர்) செம்புக் கம்பில நடுநடுவுல மணி வச்சு வெறும் செயின் தையல் (வளையத்துக்குள்ள வளையமா இழுத்துட்டே போற சங்கிலி) மட்டும் போட்டு, அப்படி நாலஞ்சு இழைய சேர்த்து கழுத்துல போட்டா நிஜமாவே அள்ளும், அதுல இருக்கிற தையலும் செயின் ஒண்ணே ஒண்ணுதான். அப்ப ஆரம்பிக்கிறவங்களுக்கு ஈஸிதானேன்னு கேப்பீங்க. தையல் ஈஸி, பொருள் மன்னிக்காது. செம்பு வளைய வளைய இறுகிட்டே போகும், ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வளைச்சா உடைஞ்சுடும், அதனால உருவிப் போடுறதுன்னா தாங்குறது ஒண்ணு ரெண்டு தடவைதான், கலர் பூச்சு இருக்கிற கம்பின்னா அதுக்குள்ளயே பூச்சு உரிஞ்சு உள்ள இருக்கிற செம்பு எட்டிப் பார்க்கும். நூல் மாதிரி இழுத்து இறுக்கவும் கூடாது, வளையத்தை பெருசா தளர்வா விடணும், அதுக்கு கம்பி தடிமனை விட ரொம்ப பெரிய ஊசி, 2.5ல இருந்து 3.5 மில்லிமீட்டர் வரைக்கும் எடுப்பாங்க, அதுவும் உலோக ஊசியா இருக்கணும், மரத்தையும் பிளாஸ்டிக்கையும் கம்பி கீறிடும். வெட்டின முனைய உள்ள மடக்கி விடலன்னா கழுத்துல குத்திட்டே இருக்கும். இவ்ளோ சொல்லிட்டு கம்பியே வேணாம்னு சொல்ல மாட்டேன், நூல்ல செயின் போடும்போது கண்ணை மூடிட்டு போட்டாலும் ஒரே அளவா வருதுன்னா அன்னைக்கு கம்பிய எடுங்க, அதுலயும் செயினோட நிறுத்திக்கோங்க, சிங்கிள் குரோஷே (செயின் மேல போடுற குட்டையான, நெருக்கமான தையல்) வரிசையெல்லாம் கம்பில போட்டா முதல் தடவை பாத்திரம் தேய்க்கிற நாராத்தான் வரும்.

ஊசியே இதுவரைக்கும் பிடிச்சதில்லன்னா இது எதையும் தொடுறதுக்கு முன்னாடி தடியான நூல்ல 4 மில்லிமீட்டர் ஊசில செயின், ஸ்லிப் ஸ்டிட்ச் (உயரம் ஏத்தாம இணைக்க மட்டும் போடுற தையல்), சிங்கிள் குரோஷே மூணையும் போட்டு கை பழகிட்டு வாங்க. வெளிர் கலர் எடுங்க, கருப்பு நூல்ல ஓட்டை எங்க இருக்குன்னு பழகினவங்களே தடவித்தான் கண்டுபிடிப்பாங்க. பேட்டர்ன் பார்த்து போடுறீங்கன்னா அது அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையான்னு முதல்லயே பார்த்துடுங்க, அமெரிக்கால சிங்கிள்னு சொல்ற தையல்தான் பிரிட்டன்ல டபுள், மாத்திப் போட்டா உயரமே தப்பாயிடும்.

நூல் முடிவாச்சு, இனி என்ன நகை. கம்மல்ல ரெண்டு வழி. ஒண்ணு, மேஜிக் ரிங்ல (முனைய இழுத்தா நடு ஓட்டை மூடிக்கிற நூல் வளையம்) ஆரம்பிச்சு வட்டமாவோ பூவாவோ போட்டு காதுக் கொக்கில மாட்டுறது. இன்னொண்ணு, உலோக வளையம் ஒண்ணை வாங்கி அதைச் சுத்தி சிங்கிள் குரோஷே போட்டு மூடுறது. வீடியோல முதல் வழிதான் அதிகம் காட்டுவாங்க, எனக்கு அது ஏன்னு புரியவே இல்ல. ஒரு பூ போடுறது கஷ்டமில்ல, அதே மாதிரி இன்னொரு பூ போடுறதுதான் கஷ்டம், பழகாத கைல இறுக்கம் நேரத்துக்கு நேரம் மாறும், தையல் எண்ணிக்கை சரியா இருந்தாலும் ஒரு காதுல பெருசு ஒரு காதுல சின்னதுன்னு தொங்கும். அதுக்கும் மேல விறைப்பு வேற ஏத்தணும். வளையத்துல இந்த பிரச்சனை எதுவும் இல்ல, அளவையும் வடிவத்தையும் உலோகம் பார்த்துக்கும், உங்க வேலை நெருக்கமா மூடுறது மட்டும்தான், பிடிக்கலன்னா ஒரே இழுப்புல முழுசா உருவி வளையத்தை வெறுமையாக்கிட்டு முதல்ல இருந்து போடலாம். 30, 40 மில்லிமீட்டர் வளையம் போதும். தையலோட தலைப்பக்கம் வளையத்தைச் சுத்தி முறுக்கிக்கிட்டே போகும், எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து நிக்குதான்னு அப்பப்ப திருப்பி விடுங்க. முதல் நகைன்னா என் ஓட்டு இதுக்குத்தான், யோசிக்கவே வேணாம்.

நெக்லஸா பிரேஸ்லெட்டான்னா, நீளமா இருக்கேன்னு எல்லாரும் நெக்லஸுக்குத்தான் பயப்படுவாங்க, நிஜத்துல மணி வச்ச செயின் நெக்லஸ்தான் ரெண்டுல சுலபம். 40, 45 சென்டிமீட்டர் நீளத்துல ரெண்டு மூணு இழைய சேர்த்துப் போட்டா ஒரு தையல் பெருசா போனது யாருக்கும் தெரியாது, அதுவும் டிசைன் மாதிரி கலந்துடும். பிரேஸ்லெட் பட்டையா வரிசை வரிசையா வரும், ஓரத்துல ஒரு தையல் விட்டுப்போனா பட்டை சரிவா குறுகிட்டே போறது பளிச்சுன்னு காட்டிக் கொடுக்கும், மணிக்கட்டுல உரசல் வேற அதிகம். முதல் செயின் இறுகிப் போய் பட்டை வில்லா வளையுறதும் இதுல சகஜம், அந்த ஒரு வரிசைக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசி எடுத்தா சரியாயிடும். மோதிரம் சின்னதுதானேன்னு முதல்ல எடுக்காதீங்க. அளவு துளி மாறினாலும் விரல்ல ஏறாது இல்ல கழண்டு விழும், கை கழுவும்போதெல்லாம் நனையும், காட்டன் நாளாக நாளாக தளரும்.

மணி சேர்க்க மூணு வழி இருக்கு, இதுலயும் நம்ம உருவல் கணக்கையே வச்சுப் பாருங்க. வழக்கமான வழி, போட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மணி மொத்தத்தையும் நூல்ல கோத்துடுறது, வேணுங்கிற இடத்துல ஒரு மணிய ஊசி கிட்ட தள்ளி தையலை முடிச்சா அது பூட்டிக்கும். வேகம் இதுலதான், உருவினாலும் மணி நூல்லயே இருக்கும். சிக்கல் எண்ணிக்கைல. நடுவுல மணி பத்தலன்னா நூலை வெட்டணும், இல்ல மறுமுனைல இருந்து கோத்து உருண்டை முழுக்க தள்ளிட்டு வரணும், அதனால பத்து பதினஞ்சு எக்ஸ்ட்ராவா கோத்து வச்சுடுங்க. கலர் வரிசைல ஒரு கண்ணாடி மணி தப்பா அதிகமா வந்துட்டா பழகினவங்க ஓட்டைக்குள்ள ஒரு ஊசிய விட்டு நூலை காப்பாத்திக்கிட்டு பிளையரால அந்த மணிய மட்டும் நொறுக்கிடுவாங்க (கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கணும், துண்டு தெறிக்கும்). இன்னொண்ணு, சிங்கிள் குரோஷேல மணி உங்களுக்கு எதிர்ப்பக்கம், அதாவது துணியோட பின்பக்கம்தான் உக்காரும், மணியைக் காணோமேன்னு திகைக்காதீங்க, அந்தப் பக்கம்தான் உங்க நகைக்கு முன்பக்கம்.

ரெண்டாவது வழி, நகைய முடிச்சுட்டு சாதா ஊசி நூலால மணிய தச்சு விடுறது. மெதுவான வேலைதான், ஆனா ஒரு மணி பிடிக்கலன்னா அதை மட்டும் எடுத்துடலாம், முதல் கம்மலுக்கு இது போதும். மூணாவது, ரொம்ப மெல்லிய ஊசி முனைல மணிய ஏத்தி அது வழியா தையல் வளையத்தை இழுத்து விடுறது, முன்கூட்டி கோக்க வேணாம், வேணுங்கிற இடத்துல வேணுங்கிற மணிய வைக்கலாம், ஆனா ஒவ்வொரு மணிக்கும் ஊசி மாத்தணும், கை ஓட்டம் அறுந்துட்டே இருக்கும். எந்த வழியா இருந்தாலும் 6/0 மணி (சுமார் 4 மில்லிமீட்டர்) எடுங்க, 10-ம் நம்பர் நூல் அதுல தாராளமா போகும். 8/0 சில சமயம் இறுக்கும், 11/0 வெறும் 2 மில்லிமீட்டர்தான், அதுக்கு மெலிசு நூல் வேணும். கோக்கிறதுக்கு நூல் முனைல கொஞ்சம் நெயில் பாலிஷ் தடவி காய விட்டா அதுவே ஊசி மாதிரி விறைச்சுக்கும்.

விறைப்பு ஏத்துறது தட்டையான கம்மலுக்கு மட்டும்தான் தேவை. சர்க்கரைப் பாகு, கஞ்சி, வெள்ளை கம் மூணுமே பண்ணுவாங்க. சர்க்கரைக்கு எறும்பு வரும், ஈரத்துல பிசுபிசுக்கும், கஞ்சி நனைஞ்சா தளர்ந்துடும், அதனால வெள்ளை கம்மை அதே அளவு தண்ணில கலந்து நனைச்சு, பிழிஞ்சு, ஃபோம் மேல குண்டூசி குத்தி வடிவம் பண்ணி காய விடுறதுதான் பரவால்ல. அதுவும் தண்ணிக்கு முழுசா நிக்காது, குளிக்கும்போது கழட்டிடுங்க.

கடைசியா கொக்கி, வளையம் சமாச்சாரம். காது புண்ணாகிற ஆளுங்களுக்கு பெரும்பாலும் வில்லன் நிக்கல். டைட்டானியம், நியோபியம்னா கவலையே இல்ல, 316எல்னு சொல்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல நிக்கல் இருக்கு, ஆனா தோல்ல விடுறது ரொம்ப கம்மிங்கிறதால நிறைய பேருக்கு ஒத்துக்கும், ஏற்கனவே அலர்ஜி இருக்கிறவங்க முதல் ரெண்டுல ஒண்ணை எடுக்கிறது நல்லது. ஜம்ப் ரிங்கை (பாகங்களை இணைக்கிற, ஒரு இடத்துல வெட்டு இருக்கிற சின்ன வளையம்) ரெண்டு பிளையர்ல பிடிச்சு முன்னும் பின்னுமா திருப்பித்தான் திறக்கணும், ரெண்டு பக்கமும் இழுத்து விரிச்சா திரும்ப வட்டமாவே வராது. உலோக நகைல கண்ணுக்கு தெரியாத இடைவெளி நூல் நகைல பெரிய ஓட்டை, 10-ம் நம்பர் நூல் அது வழியா நைசா நழுவிடும், அதனால நூல் படுற இடத்துல மட்டும் வெட்டை பத்த வச்சு (சால்டர் பண்ணி) மூடின ரிங்கா பார்த்து வாங்கி, அதுக்குள்ளயே ரெண்டு சிங்கிள் குரோஷே போட்டு நகையோட சேர்த்துடுங்க.