மேனுவல் கார் வைத்திருப்பவர்களே, ரிமோட் ஸ்டார்ட் மாட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

போன மாதம் ஒரு காலையில் இரண்டாவது மாடி பால்கனியில் நின்று ரிமோட்டை அமுக்கினேன். கீழே ஆளில்லாத என் கார் ஒரு குதி குதித்து முன்னால் இருந்த தூணில் மோதி நின்றது. அந்தத் தூணுக்கும் காருக்கும் நடுவில்தான் வாட்ச்மேன் அண்ணன் நாற்காலி போட்டு உட்காருவார். அன்று மோட்டார் போடப் போயிருந்தார். நாற்காலி நொறுங்கிக் கிடந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

வண்டி ஏழு வருடப் பழசு, பெட்ரோல், மேனுவல் கியர். சென்னை வெயிலில் ஏறும்போதே ஏசி குளிர்ந்திருக்கட்டும் என்று ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் அலாரமும், வெளியில் நின்றபடியே இன்ஜினைக் கிளப்பும் ரிமோட் ஸ்டார்ட்டும் சேர்ந்த கிட் மாட்டினேன். 14,500 ரூபாய். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். விசிட்டிங் கார்டின் பின்னால் ‘1 வருஷம் வாரண்டி’ என்று பேனாவால் எழுதித் தந்தார்கள், அவ்வளவுதான்.

முதல் வாரமே நடுராத்திரியில் சைரன். தெருவில் தண்ணீர் லாரி போனாலே அலறும். ஷாக் சென்சாரின் திருகைக் கொஞ்சம் குறைத்து வைத்ததும் அது அடங்கியது. அடுத்து பேட்டரி. மூன்று நாள் வண்டியை எடுக்காவிட்டால் செத்துவிடும். கடையில் சொன்னால், "பேட்டரி வீக் சார், மாத்திடுங்க." 4,600 ரூபாய்க்குப் புதுசு போட்டேன், அதுவும் நாலாவது நாள் படுத்துவிட்டது. மூன்றாம் முறை போனபோது மீட்டர் வைத்துக்கூடப் பார்க்காமல் "உங்க வண்டி ஒயரிங்கே அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

தூணில் மோதிய பிறகுதான் எங்கள் ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, சும்மா நிற்கும்போது எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று பார்க்க பேட்டரியின் நெகட்டிவில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்தார். 380 மில்லிஆம்பியர். 50க்குள் இருக்க வேண்டியது. கிட்டின் ஃபியூஸைப் பிடுங்கியதும் 30க்கு இறங்கியது. என் பேட்டரி 35 ஆம்பியர்-அவர். ஒரு நாளைக்கு ஒன்பது ஆம்பியர்-அவர் இப்படிக் கசிந்தால் நாலு நாள் தாங்குமா? புது பேட்டரிக்குக் கொடுத்த காசு வீண்.

ஆனால் டேஷ்போர்டுக்குக் கீழே இருந்ததுதான் என்னைக் கொதிக்க வைத்தது. என் வண்டி க்ளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அந்த க்ளட்ச் சுவிட்சின் இரண்டு ஒயரையும் வெட்டி ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மேனுவல் வண்டிக்கான கிட்டில் ஹேண்ட்பிரேக்குக்கு என்று தனி ஒயர் உண்டு. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜின் ஓடும்போதே இறங்கிக் கதவைப் பூட்டினால்தான் அடுத்த முறை ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகும். நடுவில் கதவைத் திறந்தால் அந்த அனுமதி ரத்து. உயிர் போகாமல் காக்கிற ஏற்பாடு அது. அந்த ஒயரை நேரே எர்த்தில் முடிந்துவிட்டார்கள். கிட்டின் பெட்டிக்கு எப்போதும் ஹேண்ட்பிரேக் இழுத்திருப்பதாகவே நினைப்பு, வண்டி கியரில் இருந்தாலும் கிளப்பிவிடும். நம்மில் பாதிப் பேர் வண்டியை முதல் கியரில் போட்டு நிறுத்துகிறவர்கள். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "இம்மொபிலைசருக்கு வேணும்" என்று என் ஸ்பேர் சாவியை வாங்கினார்கள். சாவிக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் கண்டால்தான் இன்ஜினை ஓடவிடும் திருட்டுத் தடுப்பு ஏற்பாடு அது. அந்த சாவியிலிருந்த சிப்பை எடுத்து இக்னிஷன் பக்கத்திலேயே ஒட்டி வைத்துவிட்டார்கள். இனி சிப் இல்லாத டூப்ளிகேட் சாவியே போதும், என் வண்டி கிளம்பிவிடும். திருட்டைத் தடுக்கத்தான் அலாரம் வாங்கினேன்.

கடைக்காரர் சொன்ன பதில்: "கியர்ல போட்டு நிறுத்தினது உங்க தப்பு சார்." கிட்டோடு வந்த கையேட்டை எனக்குத் தரவே இல்லை. எல்லாவற்றையும் கழற்றி ஒயரை முன்போல் சேர்க்க 3,500 ஆனது, பம்பர் செலவு தனி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும். என் கையில் உள்ள சாட்சி யுபிஐ ரசீதும் அந்த விசிட்டிங் கார்டும், ஒயரைக் கழற்றும்போது எடுத்த போட்டோக்களும்தான். நீங்கள் தயவுசெய்து பில் இல்லாமல் மாட்டாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, க்ளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்புங்கள். முன்பு க்ளட்ச் மிதித்தால்தான் கிளம்பிய வண்டி இப்போது சும்மாவே கிளம்பினால், கிட்டின் ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நல்ல எலக்ட்ரீஷியனைத் தேடிப் போங்கள். அதுவரை ரிமோட்டைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.