பன்றிக்கு மின்மயக்கக் கிடுக்கி: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெண்பன்றிப் பண்ணையோடு ஒரு சின்ன அறுப்புக்கூடமும் நடத்துகிறோம். அறுப்பதற்கு முன் பன்றியின் தலையில் பிடித்து, கரண்ட் கொடுத்து மயக்கும் கிடுக்கி பல வருடமாக எங்களிடம் ஓடுகிறது. அதை வாங்கலாமா என்று பண்ணைக்காரர்கள் கேட்கிறார்கள்.

வாங்கலாம். ஆனால் பன்றி விழுந்துவிட்டதே என்று நிம்மதி அடையக் கூடாது. கிடுக்கி கழுத்தில் பட்டால் கரண்ட் மூளை வழியாகப் போகாது. உடம்பு விறைத்துக் கிடக்கும், வலி மட்டும் முழுசாகத் தெரியும், கத்தவும் முடியாது. எந்த உயிருக்கும் அந்த நிலை வரக் கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

குறைந்தது 1.3 ஆம்பியர் பாய வேண்டும், 3 விநாடியாவது. அதனால் கிடுக்கிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி வோல்ட் மட்டும் காட்டினால், அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எங்கள் ஊரில் தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். ஆம்பியர் ஏறவில்லையென்றால் அறுப்பைத் தள்ளி வைத்துவிடுவோம். பல நாள் காரணம் லைனில் இருக்காது, மின்முனையில், அதாவது கிடுக்கியில் தலையைத் தொடும் பற்களில் இருக்கும். அந்தப் பற்களில் முடியும் கொழுப்பும் கரியும் அப்பிக்கொள்ளும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும். பன்றியின் தலையையும் நனைத்துக்கொள்வோம், காய்ந்த தோலில் கரண்ட் சரியாக இறங்காது. பங்குனி, சித்திரையில் உடம்பு முழுக்கத் தண்ணீர் விடுவோம், வெக்கையும் தணியும்.

அடுத்தது கத்தி. தலையில் மட்டும் கொடுக்கிற கரண்ட்டின் மயக்கம் சீக்கிரம் தெளியும், அதனால் மயக்கிய 15 விநாடிக்குள் ரத்தம் இறங்கத் தொடங்க வேண்டும். முதலில் விறைக்கும், அப்புறம் கால் உதைக்கும். உதைப்பதை வைத்து மட்டும் விழித்துவிட்டது என்று சொல்ல முடியாது, மூச்சைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஆள் ஒருவர் விலாவையே பார்த்து நிற்பார். "அண்ணா, மூச்சு வாங்குது" என்றால் உடனே மறுபடி கிடுக்கி.

ஒரு பிராணியின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று 2001 அறுப்புக்கூட விதிகள் சொல்கின்றன. அதற்காகச் சுவர் எழுப்பினோம். கம்பால் அடிப்பதை நிறுத்தி, பலகை வைத்து மெதுவாக நடத்துகிறோம். விரட்டி மிரண்ட பன்றியின் கறி வெளுத்து, தண்ணீர் விடும். கறிக்கடைக்காரருக்கு அது தெரியும்.

ரப்பர் பூட்ஸ், கையுறை இல்லாமல் யாரும் கிடுக்கியைத் தொடக் கூடாது.

குறை என்றால் உதிரிபாகம்தான். விற்றவர் மின்முனை அனுப்ப மாதக்கணக்கில் இழுத்தடித்தார். வாங்கும் அன்றே கூடுதலாக ஒரு ஜோடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.