பர்ப்பா, ஸாப்பா? எந்த வேலைக்கு எது

வெப் செக்யூரிட்டி கத்துக்க வர்றவங்க முதல்ல கேக்கிறது பர்ப் சூட் எடுக்கவா ஸாப் எடுக்கவான்னுதான். ரெண்டுமே சைட்டுல ஓட்டை தேடுற டூல்தான், பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவுல ப்ராக்ஸியா உக்காந்து போற வர்ற ரிக்வெஸ்ட்டை எல்லாம் புடிச்சுக் காட்டும், டீஃபால்ட் போர்ட் கூட ரெண்டுக்கும் 8080தான், அதனால சேர்த்துத் திறக்கணும்னா ஸாப்பை 8081க்கு மாத்தி வெச்சுக்கோங்க.

கையால டெஸ்ட் பண்றதுக்கு என் ஓட்டு பர்ப்புக்குத்தான், காரணம் ரிப்பீட்டர், அதாவது புடிச்ச ரிக்வெஸ்ட்டை மாத்தி மறுபடி அனுப்புற இடம். ஒரு ரிக்வெஸ்ட்டை அங்க தள்ளி ஆர்டர் நம்பர் 1041ஐ 1042னு மாத்தி அனுப்புறீங்க, வேற யாரோ ஒருத்தரோட பில் வந்து நிக்குதுன்னா அதுதான் ஐடிஓஆர் (நம்பரை மாத்தினாலே அடுத்தவங்க டேட்டா கிடைக்கிற ஓட்டை). இந்த வகை ஓட்டைங்க எவ்வளவு பரவலா இருக்குன்னா, வெப் செக்யூரிட்டி அமைப்பான ஓவாஸ்ப்போட 2021 டாப் 10 பட்டியல்ல ப்ரோக்கன் ஆக்சஸ் கன்ட்ரோலுக்குத்தான் (யாருக்கு எதுக்கு அனுமதின்னு சரியா தடுக்காதது) முதல் இடம். தானா ஓட்டை தேடுற ஸ்கேனர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் இதுல திணறும், ஏன்னா சர்வர் 200னு, அதாவது எல்லாம் சரின்னு, ஒழுங்காத்தான் பதில் சொல்லுது, அந்த பில் யாரோடதுன்னு ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? ரெண்டு அக்கவுன்ட் போட்டு, ஒருத்தரோட குக்கியை எடுத்து இன்னொருத்தரோட ரிக்வெஸ்ட்ல வெச்சு நீங்கதான் பாக்கணும், அந்த மாதிரி திரும்பத் திரும்ப மாத்தி அனுப்புற வேலைக்கு ரிப்பீட்டர் அவ்வளவு வசதி. ஸாப்லயும் ரிக்வெஸ்டர்னு ஒண்ணு இருக்கு, ஆனா எனக்கு கை அதுல ஓடல.

பர்ப்போட இலவச கம்யூனிட்டி எடிஷன்ல குறையும் இருக்கு. ஸ்கேனர் கிடையாது, ப்ராஜெக்ட் சேவ் பண்ண முடியாது, வார்த்தைப் பட்டியல்ல இருக்கிற ஒவ்வொண்ணையும் தானா மாத்தி மாத்தி அனுப்புற இன்ட்ரூடரை வேணும்னே மெதுவாக்கி வெச்சிருக்காங்க, பெரிய வேர்ட்லிஸ்ட் குடுத்தா நகரவே நகராது.

இந்த இடத்துல ஸாப் உண்மையிலேயே பெரிய உதவி. முழுக்க ஓப்பன் சோர்ஸ், இன்ட்ரூடர் வேலையைப் பண்ற ஃபஸ்ஸருக்கு வேகத்தடை இல்ல, செஷனை சேவ் பண்ணலாம். சைமன் பென்னெட்ஸ் பழைய பாரோஸ் ப்ராக்ஸியை வெச்சு 2010ல வெளியிட்டது, 2023ல ஓவாஸ்ப்பை விட்டு வெளிய வந்துடுச்சு, இன்னும் ஓவாஸ்ப் ஸாப்னே பழக்கத்துல சொல்லிட்டு இருக்கோம்.

ஆட்டோமேஷனுக்கு வந்தா நான் யோசிக்கவே மாட்டேன், ஸாப்தான். ஸாப்போட டாக்கர் இமேஜ்லயே (எங்க வேணா அப்படியே ஓட்டக்கூடிய பேக்கேஜ்) பேஸ்லைன் ஸ்கேன் இருக்கு, டீஃபால்ட்டா 1 நிமிஷம் சைட்டை ஸ்பைடர் பண்ணிட்டு, அதாவது லிங்க் லிங்க்கா போய்ப் பாத்துட்டு, வந்த பதில்களை மட்டும் பாத்து ரிப்போர்ட் குடுக்கும், அட்டாக் எதுவும் பண்ணாது, அதனால ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (கோட் மாத்தத்தை சேர்க்கக் கேக்கிறது) தாராளமா ஓடவிடலாம். ஃபுல் ஸ்கேன் அப்படி இல்ல, நிஜமாவே அட்டாக் பண்ணும், தயவுசெஞ்சு ஸ்டேஜிங்ல (லைவ் சைட்டோட டெஸ்ட் நகல்) மட்டும் ஓட்டுங்க, ஃபார்ம் எல்லாத்தையும் சப்மிட் பண்ணும், டிலீட் லிங்க் கண்ணுல பட்டா அதையும் அமுக்கும், எழுத்துல அனுமதி இல்லாத சைட்ல இதை ஓட்டினா அது டெஸ்ட்டிங்கே இல்ல, குற்றம்.

ப்ளைன்ட் எஸ்எஸ்ஆர்எஃப் (சர்வரையே வேற இடத்துக்கு ரிக்வெஸ்ட் அனுப்ப வைக்கிற ஓட்டை) மாதிரி, பதில் நமக்கு நேரா வராத பக்ஸுக்கு காசு குடுத்து வாங்குற பர்ப் ப்ரொஃபஷனல்ல கொலாபரேட்டர் இருக்கு, சர்வர் வெளிய அனுப்புறதைப் புடிச்சுக் காட்டும். ஸாப்ல ஓஏஎஸ்டி ஆட்-ஆன் வழியா அதே வேலையைப் பண்ற இன்டராக்ட்எஸ்ஹெச் சேர்த்துக்கலாம், செட்டிங் கொஞ்சம் நோண்டணும்.

புதுசா கத்துக்கிறவங்க பர்ப்புல ஆரம்பிங்க, ஏன்னா பர்ப்பை உருவாக்கின போர்ட்ஸ்விக்கரோட வெப் செக்யூரிட்டி அகாடமி இலவசம், லேப் எல்லாம் பர்ப்பை வெச்சே சொல்லித் தருது. கை பழகினதும் பர்ப் செட்டிங்ஸ்ல அப்ஸ்ட்ரீம் ப்ராக்ஸியா (பர்ப்பைத் தாண்டி ரிக்வெஸ்ட் போற அடுத்த ப்ராக்ஸி) ஸாப்போட அந்த 8081ஐக் குடுத்துப் பாருங்க, நீங்க பர்ப்புல ஒவ்வொண்ணா க்ளிக் பண்ணப் பண்ண பின்னாடி ஸாப் பாட்டுக்கு அட்டாக் இல்லாம பதில்களை மட்டும் பாக்கிற பேசிவ் ஸ்கேன் பண்ணிட்டே வரும்.