அகாடமி மியூசியத்தின் ஆஸ்கர் அறை: ஒரு ஃபவுண்டரிக்காரனின் பார்வையில்

லாஸ் ஏஞ்சலஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆஸ்கர் விருது கொடுக்கும் அகாடமியின் சினிமா அருங்காட்சியகமான அகாடமி மியூசியத்தில் அரை நாள் இருந்தேன். சினிமாவுக்காகப் போகிறவர்களுக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. நான் சொல்ல வந்தது ஆஸ்கர் சிலைகளை வைத்திருக்கும் அந்தப் பொன்னிற அறையைப் பற்றி மட்டும். கோயம்புத்தூரில் 27 வருடம் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் ஃபவுண்டரியில், அதாவது மெழுகு உருவம் வைத்து உலோகம் வார்க்கும் பட்டறையில், இருந்தவன் நான். பம்ப் இம்பெல்லர், வால்வு பாடி, கைப்பிடி என்று ஊற்றிப் பழகிய கை. அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

முதலில் தேடியது பார்ட்டிங் லைனை. அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். சிலையின் விலாவிலும் காலின் பக்கவாட்டிலும்தான் அது தெரிய வேண்டும். கண்ணாடிக்கு இப்பால் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் நின்று பார்த்தேன். ஒன்றில்கூட என் கண்ணுக்குப் படவில்லை. "அப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாள் மகள். "இரு கண்ணு, இதைத் தேய்த்தவன் கை எப்படிப்பட்டதுன்னு பார்த்துக்கறேன்" என்றேன்.

34 சென்டிமீட்டர் உயரம், 3.85 கிலோ எடை. ஒரு வீரன் வாளைப் பிடித்துக்கொண்டு பிலிம் சுருள் மேல் நிற்கிறான். சுருளில் ஐந்து ஆரங்கள். நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர், எழுத்தாளர், தொழில்நுட்பக் கலைஞர் என்று அகாடமி ஆரம்பித்தபோது இருந்த ஐந்து பிரிவுகள் அவை. வரைந்தவர் எம்ஜிஎம் ஸ்டூடியோவின் கலை இயக்குநர் செட்ரிக் கிப்பன்ஸ். பின்னாளில் அதே சிலையை அவரே 11 முறை வாங்கினார். அந்த வரைபடத்தை உருவமாக்கியவர் ஜார்ஜ் ஸ்டான்லி என்ற சிற்பி. காகிதத்தில் ஒரு பக்கம்தான் தெரியும். முதுகையும் தோளின் திருப்பத்தையும் சிற்பிதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த முதுகைக் கட்டாயம் பாருங்கள். ஒரு வளைவுகூட அதிகமில்லை.

1929-இல் முதல் விழாவுக்கு வெண்கலத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசினார்கள். அப்புறம் பிரிட்டானியா உலோகத்துக்கு மாறினார்கள். பெரும்பகுதி வெள்ளீயம் (டின்), கொஞ்சம் ஆன்டிமனி, செம்பு. குறைந்த சூட்டிலேயே உருகும், வேலைக்கு லேசு, ஆனால் மென்மையானது. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத் தட்டுப்பாட்டால் மூன்று வருடம் வர்ணம் அடித்த பிளாஸ்டரில் கொடுத்து, போர் முடிந்ததும் மாற்றித் தந்தார்கள். 1980-களிலிருந்து 2015 வரை சிகாகோவின் ஆர்.எஸ். ஓவன்ஸ் கம்பெனி செய்தது. ஆக, 2009-இல் நம் ரஹ்மான் இரண்டு கையிலும் ஏந்தியது சிகாகோ சரக்கு.

2016-இல் வேலை நியூயார்க் மாநிலத்தில் ராக் டேவர்ன் என்ற ஊரில் இருக்கும் போலிக் டாலிக்ஸ் ஃபவுண்டரிக்குப் போனது. அவர்கள் மறுபடி வெண்கலத்துக்கே வந்தார்கள். என்னைக் கேட்டால் அது ரொம்பச் சரியான முடிவு. 2023-இல் கீரவாணி வாங்கியதும், முதுமலை பொம்மனும் பெள்ளியும் போட்டோவில் பிடித்திருப்பதும் இந்த வெண்கலம்தான். 1929-இன் பழைய சிலையை ஸ்கேன் செய்து, காலப்போக்கில் மழுங்கிப்போன நுணுக்கங்களை மீட்டெடுத்திருக்கிறார்கள். பழையதையும் கடைசியில் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தால் முகத்தில் அந்த உறவு தெரிகிறது.

அவர்கள் செய்யும் முறை எனக்கு மனப்பாடம். நாங்களும் அதைத்தான் செய்தோம். மெழுகில் உருவம் எடுத்து, செராமிக் குழம்பில் முக்கி முக்கிக் காயவைத்து ஓடு கட்டுவார்கள். சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் வெண்கலம் இறங்கும். ஓட்டை உடைத்து, உலோகம் பாய்ந்த வழியில் உறைந்து நிற்கும் ரன்னரை வெட்டி, கண்ணாடி போல் ஆகும்வரை தேய்க்க வேண்டும். 50 சிலைக்குச் சுமார் மூன்று மாதம் ஆகிறது. அது அதிகம் என்று தோன்றினால் ஒருநாள் பஃபிங் வீல் என்ற மெருகேற்றும் சக்கரத்தின் முன்னால் நின்று பாருங்கள்.

தங்கம் ஏற்றுவது புரூக்ளினில் உள்ள எப்னர் டெக்னாலஜி. நாசா கருவிகளுக்கும் முலாம் போடுகிறவர்கள். முலாம் பூசினால் குறை மறைந்துவிடும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நேர் எதிர். நாங்கள் ஒருமுறை 40 பித்தளைக் கைப்பிடிகளை நிக்கல் முலாமுக்கு அனுப்பினோம். தேய்க்கும்போது யார் கண்ணுக்கும் படாத ஊசித்துளை, முலாம் ஏறியதும் அம்மைத் தழும்பு போல் எழுந்து நின்றது. 11 திரும்பி வந்தன. அந்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அதனால்தான் இந்த அறையில் துளிக்கூடப் புள்ளியில்லாத அந்த மார்பைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. விளக்கு வெளிச்சம் தோளிலிருந்து முழங்கால்வரை எங்கும் தடுக்காமல் வழுக்கி இறங்குகிறது. வார்த்ததை வெட்டித் தேய்த்துச் சுத்தம் செய்யும், முகம் தெரியாத யாரோ ஒரு ஃபெட்லிங் ஆள் கொடுத்த வெளிச்சம் அது.

சாயங்காலம் ஹாலிவுட் பூல்வார்டில் ஒரு கடையில் பேரனுக்கு 'பெஸ்ட் பாய்' என்று எழுதிய தங்கநிறப் பொம்மைச் சிலை வாங்கினோம். வாங்காதீர்கள். பிளாஸ்டிக், ஒரு தேங்காய் மூடி எடைகூட இல்லை. காது முதல் பாதம்வரை பார்ட்டிங் லைன் கத்தி விளிம்பு போல் நிற்கிறது. காரில் வீடு வந்து சேர்வதற்குள் பேரனின் கட்டைவிரலில் மஞ்சள் ஒட்டிவிட்டது.

அதற்குப் பதில் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஹாலிவுட் பவுல் என்ற திறந்தவெளி இசை அரங்கின் வாசலுக்குப் போங்கள். ஹைலேண்ட் சாலை ஓரம் நீரூற்றின் மேல் யாழோடு மண்டியிட்டிருக்கும் பெரிய கிரானைட் பெண் உருவம், அதே ஜார்ஜ் ஸ்டான்லி செய்து 1940-இல் முடித்தது. டிக்கெட் கிடையாது, குறுக்கே கண்ணாடியும் கிடையாது. நாங்கள் போனபோது பேரன் அதன் கீழே நின்று, "தாத்தா, இதையும் ஊத்தித்தான் எடுத்தாங்களா?" என்று கேட்டான். "இல்லடா தங்கம், இது உளி வேலை" என்று கல்லைக் காட்டினேன்.