லினக்ஸ் கெர்னலின் ‘டீபக் அட்டாமிக் ஸ்லீப்’: எதைப் பிடிக்கும், எதை விடும்

ஸ்பின்லாக்கை (பிடித்திருக்கும்போது தூங்கவே கூடாத பூட்டு) பிடித்தபடி தூங்கப் போகும், அதாவது செயலியை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கப் போகும் டிரைவரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வசதி இது. கெர்னலின் அமைப்புப் பட்டியலான மெனுகான்ஃபிக்கில் ‘கெர்னல் ஹேக்கிங்’, அதற்குள் ‘லாக் டீபக்கிங்’ பகுதியில் இருக்கிறது. லாக்குக்குள் ஜிஎஃப்பி_கெர்னல் கொடியுடன் (தூங்க அனுமதிக்கும் கொடி), நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக்கை அழைத்தால், நினைவகம் உடனே கிடைத்துத் தூக்கமே நேராவிட்டாலும் எச்சரிக்கும். அதுதான் இதன் பலம். கெர்னலின் செய்திப் பதிவான டீமெஸ்கில் வரும் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் நம்பி ஓடாதீர்கள்; அவை பெரும்பாலும் கெர்னலின் பொது நிரலையே காட்டும். உங்கள் ஃபங்ஷன் ஸ்டாக் டிரேஸில் (ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசைப் பட்டியல்) சற்றுக் கீழே இருக்கும்.

திருத்தும்போது கொடியை ஜிஎஃப்பி_அட்டாமிக் (தூங்காமல் ஒதுக்கச் சொல்லும் கொடி) என மாற்றுவது சோம்பேறி வழி. அது எளிதில் தோற்கும். ஒதுக்கீட்டை லாக்குக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இந்த வசதி நிஜமாக ஓடிய நிரல் பாதையை மட்டுமே பார்ப்பது பெரிய குறை. பிழை கையாளும் கிளைகள் தப்பிவிடும். அவற்றுக்கு, நிரலை ஓட்டாமலே ஆராயும் ஸ்மாட்ச் வேண்டும்.