பில்சக்கா, க்ரானைட்டா, ஃப்ரீமான்ட்டா? சியாட்டில் பக்கம் கோடைல எந்த ஃபயர் லுக்அவுட்டுக்கு ஏறலாம்

சியாட்டில்ல இருந்து காலைல கிளம்பி இருட்டறதுக்குள்ள வீடு திரும்பற மாதிரி ஒரு ஃபயர் லுக்அவுட் (காட்டுத்தீயைக் கவனிக்க மலை உச்சியில கட்டின சின்னக் காவல் வீடு) ஹைக்னா அதிகமா அடிபடற பேரு மூணு. மவுன்ட் பில்சக், க்ரானைட் மவுன்டன், ரெய்னியர் நேஷனல் பார்க்குக்குள்ள இருக்கற மவுன்ட் ஃப்ரீமான்ட். ஊர்ல இருந்து வந்திருந்த சொந்தக்காரங்களை ஜூலைல கூட்டிட்டுப் போக இதுல ஒண்ணை முடிவு பண்ண வேண்டியிருந்துச்சு, நான் ஃப்ரீமான்ட்னு சொன்னேன், இப்ப கேட்டாலும் அதேதான் சொல்வேன்.

நம்பரை முதல்ல முடிச்சிடறேன். பில்சக் போக வர ஏறக்குறைய அஞ்சரை மைல், ஏத்தம் 2,300 அடி. க்ரானைட் எட்டரை மைலுக்குக் கொஞ்சம் மேல, ஏத்தம் 3,800 அடி, பேரைக் கேட்டாலே முட்டி வலிக்கும். ஃப்ரீமான்ட்டும் அஞ்சரை மைல் சொச்சம்தான், ஆனா நடை ஆரம்பிக்கற சன்ரைஸ்ல (பார்க்குக்குள்ள ரோடு போய் முடியற இடம்) கார் நிறுத்தற இடமே 6,400 அடியில இருக்கு, அதனால ஏத்தம் பெருசா தெரியாது. டிரைவ்ல மட்டும் வரிசை அப்படியே தலைகீழ். க்ரானைட் ஐ-90 ஹைவே மேலயே எக்ஸிட் 47, ஒரு மணி நேரத்துல போயிடலாம். சன்ரைஸுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல, கேட்ல க்யூ நின்னா அதுக்கும் மேல.

இதெல்லாம் எங்க தேடினாலும் கிடைக்கும். யாரும் சரியா சொல்லாத விஷயம் மேகம்.

லுக்அவுட்டை அந்தந்த உச்சியில கட்டினதுக்குக் காரணமே தூரத்துல எழும்பற புகை கண்ணுக்குத் தெரியணும்ங்கறதுதான். ரெண்டு மூணு லுக்அவுட்ல இருந்து ஒரே புகையோட திசையைக் குறிச்சு, மேப்ல அந்தக் கோடெல்லாம் எங்க வெட்டிக்குதுன்னு பார்த்துதான் தீ எங்கன்னு கண்டுபிடிச்சாங்க. அப்படிப்பட்ட இடத்துக்கு மூச்சு வாங்க ஏறிப்போய் நாலு பக்கமும் வெள்ளைச் சுவரைப் பார்த்துட்டு வந்தா என்ன பிரயோஜனம்? ஜூன்லயும் ஜூலை முதல் பாதியிலயும் இது அடிக்கடி நடக்கும். ராத்திரி பசிபிக்ல இருந்து குளிர்ந்த ஈரக்காத்து உள்ள வந்து, சியாட்டிலை ஒட்டின பியூஜெட் சவுண்ட் கடல் பகுதியை நிரப்பி, கேஸ்கேட்ஸ் மலையோட மேற்குச் சரிவுல முட்டி நிக்கும், இதைத்தான் மரைன் லேயர்னு சொல்றாங்க. பில்சக் அந்தச் சரிவோட முன்வரிசை மலை, அதுக்கு மேற்கால தடுக்க எதுவும் கிடையாது, உயரமும் 5,324 அடிதான். லேயர் கனமா இருக்கற அன்னிக்கு உச்சி நேரா மேகத்துக்குள்ள மாட்டிக்கும். மதியம் வெயில் ஏறி மேகம் கலையறதுக்குள்ள நீங்க கீழே இறங்கி பாதி தூரம் வந்திருப்பீங்க. பத்து மணிக்கு மேல மெதுவா ஏற ஆரம்பிச்சா தப்பிக்கலாம், ஆனா அப்ப பார்க்கிங் கிடைக்காது.

ஃப்ரீமான்ட் கதை வேற. அது ரெய்னியருக்கு வடகிழக்குல இருக்கு, மேற்குல இருந்து வர்ற ஈரத்துல பாதியை அந்தப் பெரிய மலையே வாங்கிக்குது. லுக்அவுட் உயரம் 7,181 அடி. வழியில வர்ற ஈனம்க்ளா (Enumclaw) ஊரைத் தாண்டறப்ப தலைக்கு மேல சாம்பல் கலர்ல மூடிக்கிடந்த மேகம், சன்ரைஸ் ரோட்டு வளைவுகள்ல ஏற ஏற கிழிஞ்சு, மேல போனா நீல வானம், பள்ளத்தாக்கு முழுக்க பஞ்சு மாதிரி நிரம்பிக் கிடக்கும். கீழ் ஊர்ல மூடிக்கிடக்குன்னு பிளானை கேன்சல் பண்ணாதீங்க, சன்ரைஸ் வெப்கேமைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. நிஜமான மழை மேகம் வந்தா இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது, அது வேற விஷயம்.

நடையும் சுகமான நடை. சவர்டோ ரிட்ஜ் ஏறினதும் இடது பக்கம் ரெய்னியர், எம்மன்ஸ் க்ளேசியர் (பனியாறு, அலாஸ்காவை விட்டுட்டா அமெரிக்காவுலயே பரப்புல பெருசு) முழுசா விரிஞ்சு கிடக்கும். ஃப்ரோசன் லேக்கைச் சுத்தி வேலி இருக்கும், சன்ரைஸுக்குக் குடிதண்ணி அங்க இருந்துதான் போகுது, அதனால கிட்ட போக முடியாது. அங்க வலது பக்கம் பிரிஞ்சா மிச்சம் ஒரு மைல் சொச்சம், முழுக்க உடைஞ்ச கல்லு சரிவு, காலடியில கல்லு கிணுகிணுன்னு சத்தம் போடும், இடுக்குல இருந்து ஒரு பைக்கா (முயல் வகையில ஒரு குட்டிப் பிராணி) வாய் நிறைய புல்லோட எட்டிப் பார்த்து கீச்சுன்னு கத்திட்டு ஓடும். லுக்அவுட் உள்ள பூட்டியிருக்கும், சுத்தி இருக்கற மரத் தளத்துல நிக்கலாம். வேடிக்கை என்னன்னா முன்பக்கம் வடக்கே கிராண்ட் பார்க்கோட பச்சைச் சமவெளியும் காடும், ரெய்னியர் முதுகுக்குப் பின்னாடி. காவலுக்கு இருந்தவருக்குக் காடுதானே முக்கியம்!

பில்சக்குக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும், அங்க லுக்அவுட் உள்ளயே போகலாம். கடைசியில பாறை மேல தவழ்ந்து, ஏணி ஏறி உள்ள நுழையறது பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வானம் தெளிஞ்ச ஆகஸ்ட், செப்டம்பர்னா நானே பில்சக்கைச் சொல்லுவேன், கடலும் ஒலிம்பிக் மலையும் ஒரே பார்வையில தெரியற சுகமே தனி.

க்ரானைட்டை நான் செப்டம்பர்ல மட்டும்தான் ஏறியிருக்கேன், ஹக்கில்பெரி இலை சிவந்து அமர்க்களமா இருந்துச்சு. ஆனா சரிவு தெற்கு பார்த்தது, மேல் பாதியில நிழலே இல்ல, அதனால ஜூலை மதியம் எப்படி இருக்கும்னு அனுபவப்பட்டுச் சொல்ல எனக்குத் தகுதி இல்ல. பனி இருக்கற வசந்தத்துல மட்டும் போகவே போகாதீங்க, அவலாஞ்ச் (பனிச்சரிவு) வர்ற ஓடை பாதைக்குக் குறுக்கே இருக்கு.

ஃப்ரீமான்ட்லயும் தொல்லை இருக்கு. சன்ரைஸ் ரோடு ஜூன் கடைசி இல்ல ஜூலை ஆரம்பத்துலதான் திறக்கும். 2024, 2025 கோடையில அந்தப் பக்கம் நேரம் குறிச்ச ரிசர்வேஷன் வெச்சிருந்தாங்க, ரூல் வருஷத்துக்கு வருஷம் மாறுது, கிளம்பறதுக்கு முன்னாடி பார்க் சைட்டைப் பாருங்க. ஜூலை முதல் வாரத்துல ஃப்ரோசன் லேக் பக்கம் பனித்திட்டு மிச்சம் இருக்கலாம். இடி சத்தம் கேட்டா உடனே திரும்பிடுங்க, அந்த மொட்டை ரிட்ஜ்ல ஒதுங்க இடமே இல்ல. காட்டுத்தீ புகை வர்ற நாள்ல மூணுமே ஒண்ணுதான், வீட்லயே இருங்க.

நாய் வெச்சிருந்தா இவ்வளவு யோசனையே தேவையில்ல, நேஷனல் பார்க் ட்ரெயில்ல நாய்க்கு அனுமதி கிடையாது, லீஷைப் போட்டு பில்சக்குக்கே கூட்டிட்டுப் போங்க.