கொல்லிமலை நான்கு நாள் ஊழியப் பயணம்: பெயர் கொடுக்கும் முன் படியுங்கள்

திருச்சியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் கொல்லிமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் ஒரு ஊழியக் குழுவோடு ஜனவரி கடைசியில் நான்கு நாள் போய்வந்தேன். ஆளுக்கு 2,000 ரூபாய். வேன், சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் அதில் அடக்கம். அடுத்த தடவை போகலாமா என்று சபையில் பலர் கேட்கிறார்கள். பார்த்ததை எழுதிவிடுகிறேன்.

மலையடிவாரத்தில் காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்; எங்கள் வேனில் ஆறு பேருக்கு வாந்தி. படுக்கை ஒரு சின்ன ஆலயத்தின் கூடத்தில். பாய் உண்டு, போர்வை போதவில்லை. விடியற்காலைக் குளிருக்குக் கம்பளி கட்டாயம் வேண்டும். சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஊர்ப் பெண்கள் ஆக்கிய சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் நான்கு நாளும் அலுக்கவில்லை.

கண் முகாம் காலை 10 முதல் 1 வரை என்று திட்டம் போட்டிருந்தார்கள். முதல் நாள் வந்தது நாலே பேர். ஜனவரியில் அங்கே மிளகுப் பறிப்பு, காப்பிப் பழம் பறிப்பு. கூலியை விட்டுவிட்டு யார் வந்து உட்காருவார்கள்? அந்த ஊர் உபதேசியார்தான், "சாயங்காலம் நாலு மணிக்கு மேல வைங்கண்ணே, வீட்டுக்கு வீடு நானே சொல்லிடுறேன்" என்றார். அன்று சாயங்காலமே வரிசை வாசல் தாண்டிவிட்டது. தேதி குறிக்கும் முன்பே அவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அரை நாள் வீணாகியிருக்காது.

வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வெள்ளெழுத்துதான். கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கித் தெரிவது; நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவது. பிளஸ் ஒன்றிலிருந்து மூன்று வரை பவர் உள்ள கண்ணாடி போதும். ஒரு பெரியவர், அறுபதுக்கு மேல் இருக்கும், மிளகுக் கணக்கு நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். எழுதுவது மகள், படிக்க ஆசை இவருக்கு. பிளஸ் இரண்டரையை மாட்டிவிட்டேன். நோட்டை முதலில் கை நீட்டித் தள்ளிப் பிடித்தார், பழக்கம். அப்புறம் மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்தார். ஒரு வரியில் விரலை வைத்து மகளைப் பார்த்து, "இது ஆறுன்னுல்ல நெனச்சிருந்தேன், எட்டு போட்டிருக்க" என்றார். அந்தப் பெண், "எட்டுதாம்பா, எட்டு கிலோ" என்றது. அவர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அப்படியே நடந்து போனார். தூரப் பார்வைக்கு அது ஆகாது என்று பின்னாலேயே ஓடிப்போய்ச் சொன்னேன்.

புரை விழுந்திருந்தவர்கள் ஐந்து பேர். என் மனக்குறை முழுவதும் இங்கேதான். அவர்களுடைய பெயரை எழுதிக்கொண்டோம், சீட்டுக் கொடுத்தோம், வந்துவிட்டோம். கீழே அரசு மருத்துவமனையில் அறுவை இலவசம்தான். ஆனால் கண்ணில் கட்டோடு அத்தனை வளைவும் ஏறி இறங்க வேண்டும், வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும், மறுபடி போய்க் காட்ட வேண்டும், கூட வருகிறவருக்கு அத்தனை நாள் கூலி போகும். இதற்கு யார் பொறுப்பு என்று குழுத் தலைவரைக் கேட்டேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம் பிரதர்" என்றார். அடுத்த வருஷம்வரை அந்த ஐந்து பேரும் தடவித் தடவித்தான் நடக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மலைமேலேயே இருக்கும் வாழவந்தி நாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பயணத்தில் மிக நல்ல பகுதி அது. மிஷனரித் தம்பதி ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் இருவருடைய கல்லறையும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்து மறுபடி இயங்க வைத்த டாக்டர் பால் பிராண்டின் அப்பா அம்மா. அவர் சிறு பிள்ளையாக வளர்ந்ததும் இந்த மலையில்தான். அந்தக் காலத்தில் நரம்புச் சிலந்தி என்கிற புழு நோய் இங்கே பாடாய்ப் படுத்தியிருக்கிறது. நோயாளிகளின் காலில் இருந்து புழுவைக் குச்சியில் சுற்றி எடுத்ததோடு ஜெஸ்ஸி விடவில்லை. அது தண்ணீர் வழியாக வருவது என்று சொல்லிக்கொடுத்து, நல்ல கிணறு வெட்டவும் வைத்தார். 1929-இல் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் அம்மா எழுபதை நெருங்கும் வயதில் மறுபடி மலைக்கு வந்து, மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி, 1974-இல் 95 வயதில் இறந்தார். அந்தக் கல்லறைகளுக்கு முன்னால் நின்றபோது என் பையில் இருந்த ஐந்து பெயர்தான் கனத்தது.

இன்னும் இரண்டு விஷயம். பழைய துணி மூட்டை மூட்டையாகக் கொண்டுபோனார்கள். பாதி கிழிசல், பொத்தான் இல்லாதது. நம் வீட்டில் உடுத்த மாட்டோம் என்றால் கொண்டுபோகவே கூடாது. அப்புறம், கண் பரிசோதனை வரிசையில் நிற்பவர்களிடமே ஜெப அட்டை கொடுத்தார்கள். நானும் விசுவாசிதான், ஜெபிக்காமல் கடை திறப்பதில்லை. ஆனால் கண்ணாடி வேண்டுமென்றால் பிரசங்கம் கேட்டாக வேண்டுமோ என்ற பயம் ஒருவருக்கும் வரக்கூடாது. தலைவரிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து ஜெபத்தைத் தனியாக, இரவு ஏழு மணிக்கு ஆலயத்துக்குள் வைத்தார். வர விரும்பியவர்கள் வந்தார்கள். பாட்டு நன்றாக இருந்தது. சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொண்டதற்காக அவரை மதிக்கிறேன்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கைத்தொழில் தெரிந்தவர்கள், நர்ஸ், எலக்ட்ரீஷியன், தையல்காரர், கண்டிப்பாகப் போங்கள். உங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. உபதேசியாரும் நானும் போனில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஐந்து பேரில் இரண்டு பேர் அறுவைக்கு வரச் சம்மதித்துவிட்டார்கள். மார்ச் இரண்டாம் வாரம் ஒரு காரும், கூட இருக்க இரண்டு பெண்களும் தேவை. முடிந்தவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள்.